லெஃப்ட் அவுட்டும் கோலியும் நானும்

தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி. வெளியூர்க்காரர்களிடம் கோவில்பட்டியை இந்த மூன்றையும் சொல்லித்தான் நாங்கள் அறிமுகம் செய்வோம். 1990களில் சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்ததும் மைதானத்தின் நல்ல பாகம் ஹாக்கிக்காரர்களுக்குப் போய்விடும். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்வார்கள். அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும் நாட்களில் வடக்கேயிருந்து வந்த ஆட்டக்காரர்கள் எங்கள் கடைத்தெருவில் சாதாரணமாக நடந்து போவார்கள். டர்பன் கட்டிய அந்த உயரமான மனிதர்கள் கடலைமிட்டாய் வாங்கித் தின்பதைப் பார்க்கவே பையன்கள் பின்னால் போவோம். அந்த ஊரில் எட்டாம் வகுப்புப் பையன் கையில் மட்டை வந்து சேர்ந்தால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

என் கூட்டாளிகள் இருவரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. நாங்களே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டது கிடையாது. பி.டி. சார் மைதானத்தில் எந்த இடத்தில் நிறுத்தினாரோ அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஒருவன் லெஃப்ட் அவுட். இன்னொருவன் கோலி. நான் சென்டர் ஹாஃப். வாயில் சுருங்கி வெறும் 'சென்டர்' ஆகிவிட்டேன். வகுப்பறையில்கூட அப்படித்தான். வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியர் முழுப் பெயரைச் சொல்லும்போது எங்களுக்கே அது வேறு யாரோ என்று தோன்றும்.

லெஃப்ட் அவுட் பிறவி இடதுகைக்காரன். எழுதுவது, சாப்பிடுவது, கல்லெறிவது எல்லாம் இடதுகை. ஆனால் ஹாக்கியில் இடதுகை மட்டை என்று ஒன்று கிடையாது. மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம். உலகம் முழுக்க ஒரே வார்ப்பு, அதுவும் வலதுகைக்காரனுக்கானது. போதாததற்கு லெஃப்ட் அவுட் என்பது வலதுகைக்காரனுக்கே தொல்லையான இடம். இடது ஓரக்கோட்டை ஒட்டி ஓடிவந்து பந்தை நடுவே அனுப்ப வேண்டுமானால் உடம்பைச் சுற்றித் திருப்ப வேண்டும், அல்லது மட்டையைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். அவன் அந்தக் கவிழ்த்துப் பிடிக்கும் வேலையை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டான். எதிரணி ஹாஃப் பேக் அவன் வலப்பக்கம் வருவான் என்று காத்திருப்பான். பந்து அதற்குள் எனக்கு வந்திருக்கும்.

அவன் வீடு தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த தெருவில் இருந்தது. எங்கள் ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டோம், தீப்பெட்டி ஆபீஸ்தான். அவன் அம்மா பகலில் ஆபீஸில் கட்டை அடுக்கப் போவார். ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவார்கள். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. பூச்சி அரிக்காமலிருக்க அந்தத் துத்தம். அதனால் அவன் விரல் நுனிகளில் எப்போதும் ஒரு நீலப்பச்சைச் சாயல் இருக்கும். 144 பெட்டி ஒரு குரோஸ். மறுநாள் ஆட்டம் இருந்தால் நானும் கோலியும் முந்தின ராத்திரி அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒட்டுவோம், அவன் சீக்கிரம் தூங்கட்டும் என்று. எங்கள் பெட்டிகள் கோணலாக இருக்கும். அவன் அம்மா ஒன்றும் சொல்லாமல், நாங்கள் போன பிறகு பிரித்து ஒட்டுவார் என்று பின்னால்தான் தெரிந்தது.

கோலி எட்டயபுரம் ரோட்டில் உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துப் பையன். காலையில் கட்டபொம்மன் பஸ்ஸில் வந்து இறங்குவான். அப்போதெல்லாம் அரசு பஸ்களுக்குத் தலைவர்கள் பெயர்: திருநெல்வேலிச் சீமையில் கட்டபொம்மன், மதுரைப் பக்கம் பாண்டியன், நாகர்கோவில் பக்கம் நேசமணி. மாவட்டத்துக்கே சிதம்பரனார் மாவட்டம் என்றுதான் பெயர். கோலி நல்ல உயரம், பேச்சு குறைவு. பள்ளியிலிருந்த கோல்கீப்பர் பேட் பிய்ந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அவன் ஊரிலிருந்து ஒரு பை நிறைய பருத்தியைக் கொண்டுவந்து உள்ளே திணித்து, சணல் ஊசியால் தைத்துச் சரிசெய்தான். 'எங்க காட்டுப் பஞ்சுல, பந்து பட்டா வலிக்காது' என்றான். வலித்தது. ஆனால் அவன் கோலை விட்டு முன்னே ஓடிவந்து பந்துமேல் விழுவதை நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போவேன். லெஃப்ட் அவுட் பின்னால் கேரியரில். மாசி, பங்குனியில் போனால் கரிசல் காடு முழுக்கப் பருத்தி வெடித்துக் கிடக்கும். அவன் அம்மா மடி கட்டிக்கொண்டு பருத்தி எடுத்துக்கொண்டிருப்பார். எங்களைப் பார்த்ததும், 'வாங்கய்யா, வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல கூழைக் குடிங்க' என்பார். கம்மங்கூழ், மோர்மிளகாய், சின்ன வெங்காயம். வேப்பமரத்தடியில் மூன்று பேரும் குடிப்போம். மாலையில் கண்மாய்க்கரையில் வேலிக்காத்தான் கம்புகளை வெட்டி மட்டை செய்து, ஊர்ப் பையன்களையும் சேர்த்துக்கொண்டு ஆடுவோம். திரும்பும்போது என் அம்மாவுக்கு என்று ஒரு பொட்டலம் பாசிப்பயறு தருவார்.

எங்கள் வீட்டுக்கு அவன் வந்தால் திண்ணையோடு நின்றுகொள்வான். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. உள்ளே வா என்றும் யாரும் சொன்னதில்லை. லெஃப்ட் அவுட் நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் தண்ணீர் கேட்பான். கோலி திண்ணையில் உட்கார்ந்து செருப்பின் மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பான். அம்மா அவனுக்கும் முறுக்கு கொண்டுவந்து தருவார், அன்பாகத்தான் தருவார். அந்த வயதில் நான் இதை ஒரு விஷயமாகவே பார்க்கவில்லை. அவன் பார்த்திருக்கிறான். இப்போது எண்ணிப் பார்த்தால், அந்தத் திண்ணையில் அவன் உட்காரும் இடம்கூட மாறியதில்லை.

1994 கடைசியில் சிட்னியில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா ஐந்தாம் இடம் வந்தது. தன்ராஜ் பிள்ளையின் படம் பத்திரிகையில் வந்தது. புனே பக்கம் கட்கியில் பிறந்தாலும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதில் எங்களுக்குச் சொல்ல முடியாத பெருமை. படத்தை வெட்டி லெஃப்ட் அவுட்டின் கணக்கு நோட்டில் ஒட்டினோம், தீப்பெட்டிப் பசையால். மூவரும் மாநில அணிக்கு ஆடுவது, பிறகு ஒரே வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேருவது, பக்கத்துப் பக்கத்து வீடு கட்டுவது என்று எல்லாம் பேசி முடித்திருந்தோம். ஆட்டம் முடிந்து இருட்டும்வரை மைதானத்து ஓரப் பாலத்தில் உட்கார்ந்துதான் இந்தப் பேச்செல்லாம். அப்பாவின் குடியை லெஃப்ட் அவுட் சொன்னது அந்தப் பாலத்தில். இருட்டில் பயம் என்று அத்தனை உயரமான கோலி சொன்னதும் அங்கேதான். எனக்கு எதுவென்றாலும் அங்கே போய்ச் சொன்னால் ஆயிற்று. மறுநாள் அது பாதியாகக் குறைந்திருக்கும்.

1995 ஜூலையில் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் தொடங்கியது. நாங்கள் பத்தாம் வகுப்பு. எங்கோ ஒரு பஸ்ஸில் சண்டையாம், எங்கோ ஒரு ஊரில் வெட்டாம் என்று பெரியவர்கள் டீக்கடையில் பேசுவது காதில் விழும். ஆகஸ்ட் 31 அன்று எங்களுக்குத் தெற்கே கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். அதற்குப் பிறகு ஊர்ப் பேச்சே மாறிவிட்டது. எந்த பஸ் எந்தப் பாதையில் போகும், எந்த ஊர்க்காரன் எந்த ஸ்டாப்பில் இறங்கலாம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வந்தது. கோலியின் ஊருக்குப் போகிற பஸ் நின்றது.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கி அவன் பள்ளிக்கு வந்தபோது வகுப்பறையில் பெஞ்சுகள் மாறியிருந்தன. யார் சொல்லி மாறியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆசிரியர்கள் மாற்றவில்லை, ஆனால் மாறியிருப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் பாடம் நடத்தினார்கள். ஒவ்வொரு தெருப் பையன்களும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். கோலி கடைசி வரிசையில், அவன் ஊர்ப் பையன்கள் நடுவே. மத்தியானம் மைதானத்துக்கு அவன் வரவில்லை. கோலில் வேறு ஒரு பையன் நின்றான். பருத்தி திணித்த அந்த பேட் அவன் காலுக்குப் பெரிதாக இருந்தது.

அப்பா மில்லில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதி அவர் வீட்டுக்கு வந்த ஒரு ராத்திரி, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: 'இனிமே அந்த ஊர்ப் பக்கம் சைக்கிளை விடாத. காலம் சரியில்ல.' அவர் கோபக்காரர் அல்ல. மில்லில் அவரிடம் யாரோ பேசியிருக்கிறார்கள். அந்தக் குரலில் இருந்தது பயம்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், கோலியைப் பிடித்துப் பேசிவிட வேண்டும் என்று. அவனுக்குத் துணையாக அவன் மாமா வந்திருந்தார். கலவரத்துக்குப் பிறகு பெரியவர் யாராவது கூட வராமல் அந்த ஊர்ப் பையன்களை அனுப்புவதில்லை. கோலி என்னைப் பார்த்தான், சிரிக்க வாயெடுத்தான். மாமா நடுவே வந்து என் தோளில் கை வைத்தார். 'தம்பி, நீ நல்ல பிள்ளைன்னு இவன் சொல்லியிருக்கான். ஆனா இப்ப நீ போயிருய்யா. உனக்கும் நல்லதில்ல, இவனுக்கும் நல்லதில்ல' என்றார். அதட்டவில்லை. கெஞ்சுவதுபோல இருந்தது. பஸ் கிளம்பும்போது கோலி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான்; நான் இருந்த பக்கம் அவன் தலை திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று அவனுக்கும் வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள்.

எங்கள் மூவருக்குள் ஒரு வாய்ச்சண்டைகூட நடந்ததில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. சண்டை போட்டுப் பிரிந்தால் சமாதானம் ஆகலாம். நாங்கள் செய்யாத சண்டைக்கு நாங்கள் எப்படிச் சமாதானம் பேசுவது?

பத்தாம் வகுப்பு முடிவு மாலைப் பத்திரிகையில் எண்களாக வந்தது. பேப்பர்க்காரனைச் சுற்றி நின்று பார்த்தோம். என் எண் இருந்தது. கோலியின் எண்ணும் இருந்தது. அவன் எண் எனக்கு மனப்பாடம். லெஃப்ட் அவுட்டின் எண் இருக்க வேண்டிய இடத்தில் முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் ஒட்டி நின்றன. ஆங்கிலம். அவன் பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, 'நல்ல மார்க்கு வரும்ல உனக்கு, ஃபர்ஸ்ட் குரூப் எடு' என்றான். அக்டோபரில் திரும்ப எழுதலாம் என்று பி.டி. சார் வீட்டுக்கே போய்ச் சொன்னார். ஆனால் அவன் அப்பாவின் கடன் அக்டோபர்வரை காத்திருக்கவில்லை. அவன் சித்தப்பா ஒருவர் திருப்பூரில் இருந்தார். ராத்திரி பஸ்ஸில் அனுப்பிவைத்தார்கள். வழியனுப்பப் போனேன். மட்டையை என்னிடம் தந்தான். இடதுகைக்காரன் பிடித்துப் பிடித்து அதன் கைப்பிடி டேப் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

அவனிடமிருந்து பதினைந்து காசு கார்டு வந்தது. பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்திருப்பதாகவும், சனிக்கிழமை சம்பளம் என்றும், அங்கே யாரும் ஹாக்கி ஆடுவதில்லை என்றும் எழுதியிருந்தான். நான் நீளமாகப் பதில் போட்டேன். இன்னொரு கார்டு வந்தது, முன்னதைவிடச் சிறியது. பிறகு நின்றுவிட்டது. பகலும் இரவும் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பதினாறு வயதுப் பையன் கடிதம் எழுதுவானா என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் தெரியும். அன்று தெரியவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு வந்துவிடுவேன். கோலி தூத்துக்குடியில் மாமா வீட்டில் தங்கி ஐ.டி.ஐ. சேர்ந்துவிட்டான் என்று வேறு யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

பிளஸ் ஒன் வகுப்பில் நான் தனியாக இருந்தேன். தனிமை என்றால் என்ன என்று அந்த வயதுப் பிள்ளையிடம் கேட்டால் சொல்லத் தெரியாது, அதனால் இப்போது சொல்கிறேன். மத்தியான மணி அடித்ததும் எங்கே போவது என்று தெரியாமல் டிபன் பாக்ஸை மெதுவாகத் திறப்பது. யாரோ சொன்ன நகைச்சுவைக்கு எல்லோரும் சிரிக்கும்போது, எதற்கென்று தெரியாமல் கூடவே சிரிப்பது. வீட்டில் 'ஃப்ரெண்ட்ஸோட போறேன்' என்று சொல்லிவிட்டு ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்து, மதுரைக்குப் போகும் பாசஞ்சரையும் திருநெல்வேலிக்குப் போகும் பாசஞ்சரையும் பார்த்துவிட்டுத் திரும்புவது. வகுப்பில் அறுபது பேருக்கு மேல் இருந்தோம். எல்லோரும் நல்ல பையன்கள்தான். ஆனால் ஏற்கெனவே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருந்தார்கள். பல கூட்டங்களில் தெரு பார்த்துத்தான் இடம். எனக்கு அந்த இடம் வேண்டியிருக்கவில்லை.

மைதானத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். நுழைவுத் தேர்வு இருந்த காலம். பிளஸ் டூ மதிப்பெண்ணோடு அந்தத் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டித்தான் பொறியியல், மருத்துவ இடங்கள். எனவே நான் விளையாடப் போகாததை வீட்டில் பொறுப்பு வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். 'இப்பத்தான் புத்தி வந்திருக்கு' என்று அப்பா அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. ஒரு பிள்ளை ஓசையில்லாமல் இருந்தால் அது நன்றாக இருக்கிறது என்று நம்புவது நம் வீடுகளின் வழக்கம். அந்த நம்பிக்கையால் எத்தனை பிள்ளைகள் கண்ணுக்கு எதிரிலேயே காணாமல் போகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

அந்த வருஷம் கிளை நூலகம்தான் ஒதுங்க இடம் தந்தது. கரிசலில் நூலகத்துக்குப் போனால் சொந்த மண்ணின் எழுத்தாளர்கள் அலமாரியில் இருப்பார்கள். இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊர்க்காரர்கள், சிறுவயது முதல் சிநேகிதர்கள். புத்தகத்தின் பின்னட்டையைவிட அந்தச் சிநேகிதச் செய்திதான் எனக்குப் பொறாமையாக இருந்தது. பூமணியின் 'வெக்கை' அங்கேதான் கையில் கிடைத்தது. 1982இல் வெளிவந்த நாவல். அதில் கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் பையனுக்குப் பதினைந்து வயது. அந்தப் பையன் திரிகிற ஓடையும் உடைமரமும் கோலியின் ஊர்ப் பக்கத்து ஓடையும் உடைமரமும்தான். படித்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைக் கோலியிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

1997 கோடை விடுமுறையில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் விடுமுறையில் டைப் அடிக்கப் போகாத பிள்ளைகள் குறைவு. மாடி அறை, வரிசையாக ரெமிங்டன், ஹால்டா, பேசிட் மெஷின்கள். ஆரம்பத்தில் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று பக்கம் பக்கமாக. லோயர் பரீட்சைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அத்தனை மெஷின்களும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. எனக்கு அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது. அங்கே யாரும் யாரிடமும் பேசாமல் இருப்பது இயல்பு.

பக்கத்து மெஷினில் ஒரு பெண். ரயில்வே காலனியிலிருந்து சைக்கிளில் வருவாள். அவளும் பிளஸ் ஒன் முடித்தவள், வேறு பள்ளி. ஒருநாள், 'ரிப்பன் தேஞ்சு போச்சு, நீங்க முடிச்சதும் உங்க மெஷின்ல அடிச்சுக்கலாமா?' என்று கேட்டாள். அதுதான் முதல் பேச்சு. மறுநாள் நானே முன்கூட்டி எழுந்து இடம் தந்தேன். அப்பாவின் வேலையால் பல ஊர்களில் படித்தவள் என்றும், எந்த ஊரிலும் சிநேகிதிகள் நிலைப்பதற்குள் கிளம்பிவிடுவதாகவும் சொன்னாள். 'பழகிப் போச்சு' என்றாள். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கோ வெகு நாளைக்குப் பிறகு என் மொழி பேசும் ஆளைச் சந்தித்ததுபோல இருந்தது. கோலியைப் பற்றியும் லெஃப்ட் அவுட்டைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். மாடிப்படியில், சைக்கிள் நிறுத்துமிடத்தில், மாஸ்டர் கீழே டீ குடிக்கப் போகும் நேரங்களில். இடதுகைக்காரன் வலதுகை மட்டையால் ஆடியதைச் சொன்னபோது, எப்படி என்று கேட்டுச் செய்துகாட்டச் சொன்னாள். ஒரு நீள ஸ்கேலை மட்டையாகப் பிடித்துக் காட்டினேன்.

இதைக் காதல் என்று சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம். அந்த வயதின் காதலைப் பெரியவர்கள் லேசாகப் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தொட்டதில்லை, கடிதம் கொடுத்ததில்லை, ஒரு வார்த்தை மிஞ்சிப் பேசியதில்லை. ஆனால் காலையில் எழுந்திருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதுவரை அது இல்லாதிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கோடையில் மறுபடியும் கலவரம். புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு சாரார் மறுத்தார்கள். வெள்ளையரை எதிர்த்துக் கட்டபொம்மன் படையில் நின்ற ஒரு வீரனின் பெயர், அவன் பிறந்த சாதிக்காக மறுக்கப்பட்டது. விருதுநகர், நெல்லைப் பக்கமெல்லாம் தீ வைப்பு, துப்பாக்கிச் சூடு. எங்கள் ஊரிலும் பஸ் ஓடாத நாட்கள் வந்தன. கடைகள் பாதிக் கதவில் நடந்தன. டைப்ரைட்டிங் மாடியும் மூடப்பட்டது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையுமே போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. கட்டபொம்மன் என்று எழுதியிருந்த இடத்தில் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு பஸ்கள் வந்தன.

மாடி திறந்த அன்று நான் சீக்கிரமே போய்விட்டேன். பக்கத்து மெஷின் மூடியோடு இருந்தது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை மாஸ்டர் சிவப்பு மையால் அடித்திருந்தார். கேட்டதற்கு, 'அவங்கப்பாவுக்கு விழுப்புரம் மாத்தலாம் தம்பி. ஆகஸ்ட் பரீட்சைக்குப் பேர் கொடுத்திருந்துச்சு, பாவம்' என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில்வே காலனிக்குப் போனேன். பூட்டிய வீடு. வாசலில் சாமான் கட்டிய வைக்கோல் சிதறிக் கிடந்தது.

ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். மறுநாளும் சாப்பாடு இறங்கவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். டைபாய்டாக இருக்குமோ என்று ரத்தப் பரிசோதனை செய்தார்கள். காதல் தோற்ற துக்கம் அத்தனை பெரிதா என்றால், இல்லை, அதைத் தாங்கியிருப்பேன். ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் தாங்கியிருக்கிறார்கள். ராத்திரி அந்தப் பாலத்துக்குப் போய் உட்கார்ந்தபோதுதான் உள்ளே ஏதோ உடைந்தது. இதைச் சொல்ல ஒருவனும் இல்லை. ஒருவன் திருப்பூரில், ஒருவன் தூத்துக்குடியில். லெஃப்ட் அவுட் இருந்திருந்தால் நாள் முழுக்கக் கேலி செய்து, கடைசியில் விழுப்புரத்துக்கு டிக்கெட் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டு வந்திருப்பான். கோலி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது எனக்கு.

பிளஸ் டூவில் காலாண்டு மதிப்பெண்கள் சரிந்தன. ஆசிரியர்கள் திட்டினார்கள், அப்பா அடிக்கக் கை ஓங்கிவிட்டுத் தாழ்த்திக்கொண்டார், கூடுதலாக ஒரு டியூஷன் வைத்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டவர் பி.டி. சார் ஒருவர்தான். வராந்தாவில் என்னை நிறுத்தி, 'ஏலேய் சென்டர், ரெண்டு பேரும் போனதுக்கப்புறம் யார் கூடல பேசுத?' என்றார். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சென்டர் என்று என்னை ஒருவர் கூப்பிட்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன். அவர் என்னை விளையாட்டு அறைக்குள் கூட்டிப்போய், பந்துகளும் வலைகளும் கிடந்த தரையில் உட்காரவைத்து, அழுது முடிகிறவரை மட்டைகளுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, ஆறாம் வகுப்புப் பொடியன்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், சாயங்காலம் அரைமணி நேரம் வந்துவிட்டுப் போ என்றார். படிப்பு கெடும் என்று அப்பா தயங்கியபோது அவரே மில் வாசலுக்குப் போய்ப் பேசினார்.

அந்தப் பொடியன்களை எந்தத் தெரு, எந்த ஊர் என்று கேட்காமல் உயரம் பார்த்து, ஓட்டம் பார்த்து இடம் பிரித்தார். அதற்கு முன்னால் எங்களையும் அவர் அப்படித்தான் பிரித்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அந்த மைதானத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும்.

துக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. பொறியியல் இடம் கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்பும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரும் வழக்கம் இருந்தது. ஆனால் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது.

லெஃப்ட் அவுட்டை வெகு காலம் கழித்துத் திருப்பூரில் தேடிப்பிடித்தேன். காஜா, பட்டன் வைக்கும் சின்ன யூனிட் ஒன்றை நடத்துகிறான். பார்த்ததும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுக் கட்டிப்பிடித்தான். இடதுகையால்தான் டீ கிளாஸை நீட்டினான். கோலியைத் தூத்துக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். 'நல்லா இருக்கீங்களா?' என்று கேட்டான். 'நல்லா இருக்கேன், நீங்க?' என்றேன். அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னான். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். எண்களை வாங்கிக்கொண்டோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து வருகிறது, நானும் அனுப்புகிறேன். அதற்குமேல் இருவருக்கும் வழி தெரியவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து கூடப் படித்த பையன்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது என்பவை அதில் அதிகம் பேசப்பட்ட பரிந்துரைகள். வேண்டியவைதான். எங்கள் காலத்தில் கயிறு இல்லை, பெஞ்சு இருந்தது. கயிறு எப்படி வந்தது என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

தென்மாவட்டத்துத் தலைமையாசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பொதுத்தேர்வு வகுப்புகளில் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வது இன்று எங்கும் வழக்கமாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. வேறு வேறு தெருப் பையன்கள் ஒரே அணியில் நிற்பதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு நாளெல்லாம் கிடைக்கிற ஒரே நேரம் அது. அதை அவர்களிடமிருந்து எடுக்காதீர்கள்.